உதட்டில் ஒட்டாத வர்ணம்

உப்பளம் என்கிற எங்கள் பேட்டையில் எதிர்வீட்டு அலெக்சாண்டரைப் பார்க்கப் போகிறவர்கள் வாசலிலேயே கைகளைப் பின்னால் கட்டிக்கொள்வார்கள். மரியாதைக்காகச் செய்கிறார்கள் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். அதெல்லாம் இல்லை. உள்ளே மேசைமேல், நாற்காலிமேல், சில நாள் கட்டில்மேல்கூட, அவர் கலர் பென்சிலில் போட்ட படங்கள் கிடக்கும். யாராவது விரலை நீட்டிவிட்டால் போதும், "தொடாதீங்க! காகிதம்!" என்று அலறுவார். பாம்பு கிடக்கிறது என்று சொல்கிற மாதிரியே இருக்கும்.

மராமத்து ஆபீசில் பிளான் வரைகிற வேலை அவருக்கு. 1955இல் வயது நாற்பத்திரண்டு. கட்டப்போகிற சுவருக்குச் சிவப்பு, இடிக்கப்போகிற சுவருக்கு மஞ்சள், தண்ணீருக்கு நீலம். இருபது வருஷமாக இதே மூன்று நிறம். முந்தின நவம்பரில் பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை விட்டுப் போய்ப் புது அதிகாரிகள் வந்த பிறகும் சுவர் சிவப்பாகவே இருந்ததில் அவருக்கு ஒரு திருப்தி. பிரெஞ்சு அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்ததைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே தெரியும் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

படம் போடுகிற பழக்கம் அவருக்கு நடுவில் வந்தது. அதற்கு முன்னால் வேறு பழக்கம் இருந்தது. 1951 பெரிய வெள்ளிக்கிழமை சுற்றுப்பிரகார ஊர்வலத்தில் கையில் லாந்தரோடு போனவர், ஆபீசிலிருந்து நேராகச் சாராயக்கடைக்குப் போய்விட்டு வந்திருந்தபடியால், சாக்கடையில் விழுந்தார். லாந்தர் அணையவில்லை என்பதால் விழுந்தது யார் என்று எல்லாருக்கும் தெளிவாகத் தெரிந்தது. மறுநாளே தெருமுனைச் சிற்றாலயமான குருசடியில் போய் நின்று, இனிமேல் தொடமாட்டேன், உமக்கு ஒரு படம் போட்டுத் தருகிறேன் என்று அந்தோணியாருக்கு வார்த்தை கொடுத்தார். தொடவும் இல்லை. விட்ட பிறகுதான் சாயங்காலம் எவ்வளவு நீளம் என்று தெரிந்தது. ஆபீசில் மிஞ்சின பென்சில் துண்டுகளை வைத்துக்கொண்டு, ஆறு மணியிலிருந்து சாப்பாட்டு வேளை வரைக்கும் எதையாவது வரைய உட்கார்ந்தார். மண்பானை, வாத்து, பக்கத்து வீட்டு முருங்கைமரம் என்று தொடங்கி மனிதர்களுக்கு வந்து சேர்ந்தார்.

அவருடைய மனைவி அகஸ்டினாவுக்கு இதில் பரம சந்தோஷம். கோயில் பாட்டுக் குழுவில் முதல் குரல் அந்த அம்மாளுடையதுதான். கல்யாணமான நாளிலிருந்து பயந்துகொண்டே பாடியவர், இந்த நாலு வருஷமாகத்தான் நிம்மதியாகப் பாடினார். சைகோனில் உத்தியோகத்தில் இருந்த தன் தம்பி சவரிராயனுக்கு எழுதி, நாற்பத்தெட்டு நிறம் அடங்கிய தகரப் பெட்டி ஒன்றை வரவழைத்தார். மூடியில் பனிமலைப் படம். உள்ளே நாற்பத்தெட்டு பென்சிலும் பூசை உதவிப் பையன்கள் மாதிரி வரிசையாகப் படுத்திருந்தன. அலெக்சாண்டர் மூன்று நாள் எதையும் சீவாமல் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பென்சிலில்தான் அந்தோணியாரைப் போட்டார். நாலு மாதம் ஆயிற்று. முகத்துக்கு மாதிரி கிடைக்கவில்லை. பாதத்துக்குத் தன் காலையே ஸ்டூல்மேல் தூக்கி வைத்துப் பார்த்து வரைந்தார். அதனால் முகத்தைவிடப் பாதம் நன்றாக அமைந்துவிட்டது. நரம்பு, நகம், செருப்பு வார் எல்லாம் தத்ரூபம்.

"கட்டவெரலு உங்களுது மாதிரியே இருக்குதே" என்றார் அகஸ்டினா.

"புனிதருக்கும் கட்டைவிரல் இருந்திருக்குமில்ல?" என்றார் இவர்.

கோயில் சாமியார் வந்து பார்த்துப் பாராட்டினார். கண்ணாடி போட்டு மாட்டலாம் என்றார். அலெக்சாண்டருக்குச் சுருக்கென்றது. கண்ணாடி போட்டால் வெளிச்சம் அடிக்கும், கோடு தெரியாது, நாலு மாத வேலை எதிர்வீட்டு ஜன்னலைக் காட்டிக்கொண்டு நிற்கும். "சாமி, இது என்ன மிட்டாய்க் கடை பீரோவா?" என்று கேட்டுவிட்டார். சாமியார் சிரித்துக்கொண்டே போய்விட்டார். ஜூன் பதிமூன்றாம் தேதித் திருநாளன்று படம் வெறும் சட்டத்தில் குருசடியில் ஏறியது.

அந்தோணியார் திருநாள் என்றால் வேதக்காரரான கிறிஸ்தவர்கள் மட்டுமா வருவார்கள்? செவ்வாய்க்கிழமை தவறாமல் மெழுகுவத்தி ஏற்றுகிற சாரம் பேட்டைப் பெண்கள், முதலியார்பேட்டை மில் தொழிலாளிகள், கடலோரத்து ஜனங்கள் எல்லாரும் வந்தார்கள். ஜூன் மாதப் புழுக்கத்தில் அத்தனை பேர் கையும் வேர்த்திருந்தது. எல்லாரும் படத்தின் பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். சிலர் குனிந்து உதடு பதித்து முத்தி செய்தார்கள். மீன் விற்கிற சின்னப்பாப்பா கூடையை இறக்கி வைத்துவிட்டு, கழுவின ஈரம் சொட்டச்சொட்ட இரண்டு கையாலும் பாதத்தைப் பிடித்துக்கொண்டு, தொலைந்துபோன தன் மூக்குத்தியைப் பற்றி விவரமாக முறையிட்டாள். வெளியே வந்தபோது அவளுடைய இரண்டு இமையும் காவி நிறத்தில் இருந்தன. உதட்டில் செருப்பு வாரின் கறுப்பு.

"என்னக்கா, மூஞ்சியில என்ன பூசிக்கிட்ட?" என்று யாரோ கேட்டார்கள்.

கையால் தடவிப் பார்த்தாள். "ஐயோ, சாமி காலு எங்கண்ணுல ஒட்டிக்கிச்சே!" என்றாள்.

சாயங்காலம் தேர் கிளம்பும்போது அந்தோணியாருக்குக் கணுக்காலுக்குக் கீழே ஒன்றுமில்லை. தொலைந்த பொருளைக் கண்டுபிடித்துக் கொடுக்கிறவர் என்று ஊரே நம்புகிற புனிதர், தம்முடைய பாதங்களையே தொலைத்துவிட்டு நின்றார். அலெக்சாண்டர் குருசடி வாசலில் நின்று பார்த்தார். தொப்பியைக் கழற்றினார், மாட்டினார், மறுபடி கழற்றினார். வீட்டுக்கு வந்துவிட்டார். தெருவில் அந்தப் படத்துக்கு ஒரு வாரத்துக்குள் "பறக்கும் அந்தோணியார்" என்று பெயர் வந்துவிட்டது.

சாமியார் "கண்ணாடி" என்ற வார்த்தையை எடுக்கவே இல்லை. எடுத்திருந்தால் இவர் கொஞ்சம் முறைத்துக்கொண்டு அதோடு விட்டிருப்பார். அவர் எடுக்காததால்தான் இவருக்கு வீம்பு பிடித்தது. கண்ணாடி இல்லாமலே, யார் தொட்டாலும் அழியாதபடி படத்தைக் காப்பாற்றிக் காட்டுகிறேன் என்று கிளம்பினார்.

முதலில் கஞ்சி. துணிக்குப் போட்டால் விறைப்பாக நிற்கிறதே, காகிதத்துக்குப் போட்டால் வர்ணம் பிடித்துக்கொள்ளாதா என்பது அவர் யோசனை. வடிகஞ்சியை மெல்லிய துணியில் வடிகட்டி, அகலத் தூரிகையில் எடுத்து, சோதனைக்கு ஒரு படத்தின்மேல் தடவினார். வீட்டில் இருபது படம் இருக்கும்போது சோதனைக்கு மாமியார் படம் கையில் வந்தது தற்செயல் என்றுதான் கடைசிவரைக்கும் சொன்னார். தடவின மாத்திரத்தில் மாமியாரின் முகம் கழுத்துக்கு இறங்கியது. கழுத்து ரவிக்கைக்குப் போயிற்று. ரவிக்கையின் பச்சை மேலே ஏறி மூக்கில் நின்றது.

அகஸ்டினா வந்து பார்த்தார். தாயாரைப் பார்த்தார், புருஷனைப் பார்த்தார். பிறகு மேசைமேல் இருந்த தகரப் பெட்டியை எடுத்துத் திருப்பினார். அடிப்பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. கன்னியாஸ்திரிகள் பள்ளிக்கூடத்தில் அஞ்சு வருஷம் படித்த பிரெஞ்சில் எழுத்துக்கூட்டி வாசித்தார்.

"இதுல என்ன போட்டிருக்குது தெரியுமா? தண்ணியில கரையும்னு போட்டிருக்குது. கரைச்சுத் தூரிகையால வர்ணம் தீட்டலாமாம்."

அலெக்சாண்டர் பெட்டியை வாங்கிப் பார்த்தார். வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். "ரொம்பச் சின்ன எழுத்து" என்றார்.

"பெரிய எழுத்துதான் உங்களுக்குத் தெரியும்போல" என்றார் அகஸ்டினா. ஒரு வாரம் அந்த வீட்டில் வடிகஞ்சி என்ற பேச்சை எடுக்கக்கூட முடியவில்லை.

ஆனால் அதில் ஒரு விஷயம் தெளிவாயிற்று. ஈரக்கையும் வேர்வையும் எச்சிலும்தான் எதிரி. தண்ணீர் சேர்ந்த எதுவும் ஆகாது. தண்ணீர் இல்லாமல் ஈரமாக இருப்பது எது? இந்தக் கேள்வியோடு முதலியார்பேட்டைக்குப் போய்த் தச்சர் பாவாடையின் பட்டறையில் நின்றார்.

பாவாடை அப்போது ஒரு பீரோவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். ஆபீஸ்காரர் யாரானாலும் அவருக்கு 'ஐயா' இல்லை, பிரெஞ்சுப் பாணியில் 'முசியே'தான். விஷயத்தைக் கேட்டுவிட்டு ஒரு டப்பாவைத் திறந்து காட்டினார். தேன் நிறத்தில், அவல் மாதிரித் தட்டைத் தட்டையாக இருந்தது. "அவலரக்கு, முசியே. இத்த ஸ்பிரிட்டுல ஊறப் போட்டா ஒருநாளுல கரைஞ்சிடும். பூசினா ஸ்பிரிட் பறந்துபோயிடும், அரக்கு நின்னுடும். அப்புறம் தண்ணி ஊத்தினாலும் ஒட்டாது."

"ஸ்பிரிட்டா?" என்று இரண்டடி பின்னால் போனார் அலெக்சாண்டர். "குடிக்கிற சரக்கா அது?"

"குடிச்சா கண்ணு போயிடும். இது பாலிஷ் ஸ்பிரிட்டு."

"ஒரு சொட்டுகூடக் குடிக்கிற சரக்கு கலக்கலியே?"

"கலக்கல, முசியே."

"சத்தியமா?"

பாவாடையை மூன்று தடவை சத்தியம் செய்ய வைத்த பிறகுதான் பாட்டிலைக் கையில் வாங்கினார். அதையும் துணியில் சுற்றி, சைக்கிளில் ஒரு கையால் ஓட்டிக்கொண்டு, அதை உடம்பிலிருந்து எவ்வளவு தூரம் விலக்கிப் பிடிக்க முடியுமோ அவ்வளவு விலக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார்.

அரக்கு கரைந்தது. ஆனால் எப்படிப் பூசுவது? தூரிகை பட்டால் பென்சில் தூள் இழுபடுகிறது. பஞ்சால் ஒற்றினால் பஞ்சில் ஏறுகிறது. படத்தைத் தொடாமலே அதன்மேல் பனி மாதிரி விழவேண்டும். முன்பு ஆபீசில் இருந்த ஒரு பிரெஞ்சு இன்ஜினியர் கரிக்கோட்டுப் படங்களின்மேல் எதையோ ஊதியது ஞாபகம் வந்தது. இரண்டு சன்னக் குழாய், நுனியோடு நுனி 'ட' எழுத்து மாதிரி மூலைமட்டமாகச் சேர்ந்திருக்கும். ஒன்று பாட்டிலுக்குள் நிற்கும். இன்னொன்றை வாயில் வைத்து ஊதினால், காற்று போகிற வேகத்தில் கீழேயிருந்து மருந்து ஏறித் தூவானமாகத் தெறிக்கும். தகரக்கடையில் சொல்லி அப்படி ஒன்று செய்து வாங்கினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அகஸ்டினா பூசைப் பாட்டுக்குப் போயிருந்த நேரத்தில், குழலை எடுத்தார். தகரக்கடைக்காரர் மேல் குழாயின் துளையை ரொம்பச் சின்னதாக விட்டிருந்தார். ஊதி ஊதிப் பார்த்தார், ஒன்றும் ஏறவில்லை. அடைத்துக்கொண்டதோ என்று, பாட்டிலில் நின்ற கீழ்க்குழாயின் மேல்நுனியை வாயில் வைத்து ஓர் இழு இழுத்தார். அடைத்துக்கொள்ளவில்லை. வாய் நிறைய வந்துவிட்டது.

துப்பினார். கிணற்றடிக்கு ஓடி ஏழெட்டுத் தடவை கொப்புளித்தார். நாலு வருஷத்துக்குப் பிறகு நாக்கில் பட்ட அந்தக் காரம் எதை எதையோ கிளப்பிவிட்டது. தோய்க்கிற கல்மேல் உட்கார்ந்து, இன்னொரு சொம்பு மொண்டு கொப்புளித்தார். நல்லவேளை, அரக்கின் கசப்பு அதைவிடப் பலமாக இருந்தது. யாரிடமும் இதைச் சொல்வதில்லை என்று தீர்மானித்துக்கொண்டு எழுந்தபோது, பூசை முடிந்து அகஸ்டினா உள்ளே வந்தார். அந்த அம்மாளின் மூக்குக்கு அந்த வீட்டில் பதினைந்து வருஷப் பயிற்சி இருந்தது.

"என்ன வாசனை இது?"

"ஊதினேன்."

"ஊத்திக்கிட்டீங்களா?"

"ஊத்திக்கல. ஊதினேன்."

"ஊதினா வாசனை வெளியதான போவணும். வாய்க்குள்ள ஏன் இருக்குது?"

பொய் சொல்லத் தெரியாத மனுஷன். "கொஞ்சம் இழுத்துட்டேன்" என்றார். அதோடு முடிந்தது.

அகஸ்டினா பாட்டிலை எடுத்துக் கொல்லையில் இருந்த செம்பருத்தி வேரில் கவிழ்த்தார். குழலை உத்திரத்தின்மேல் எறிந்தார். ஒன்பது நாள் புருஷனோடு பேசவில்லை. சோறு போட்டார், தண்ணீர் வைத்தார், முகத்தைப் பார்க்கவில்லை. தினமும் குருசடிக்குப் போய்ப் பாதமில்லாத அந்தோணியார் முன்னால் மெழுகுவத்தி ஏற்றினார். கோயிலில் அந்த வாரம் மேல்ஸ்தாயிப் பாட்டு எதுவும் எடுபடவில்லை என்று கூடப் பாடினவர்கள் சொன்னார்கள். செம்பருத்தியும் இலையெல்லாம் உதிர்த்துவிட்டது. அலெக்சாண்டர் அதைப் பார்க்கும்போதெல்லாம் தன்னையே பார்க்கிற மாதிரி நின்றுவிடுவார்.

பத்தாம் நாள், படம் எப்படி வந்தது என்று கேட்டுப்போகப் பாவாடை வந்தார். அகஸ்டினா வாசலிலேயே மடக்கினார்.

"எங்க வீட்டுக்காரருக்கு அந்த பாட்டிலைக் குடுத்தது நீதானா?"

"நான்தாம்மா."

"நல்லா இருப்பியா நீ?"

பாவாடை பயந்துபோனார். "அம்மா, அவுரு எங்கிட்ட மூணு சத்தியம் வாங்கிக்கிட்டாரும்மா, இதுல குடிக்கிற சரக்கு இல்லேன்னு. அப்புறந்தான் பாட்டிலையே தொட்டாரு. எம்பொஞ்சாதிகூட எங்கிட்ட அத்தினி சத்தியம் வாங்கினதில்ல."

அகஸ்டினா உள்ளே போய், ஸ்டூல் போட்டு ஏறி, உத்திரத்திலிருந்து குழலை எடுத்து வந்து புருஷன் முன்னால் நீட்டினார். ஒன்பது நாளைக்குப் பிறகு வந்த முதல் வார்த்தை: "எங்க, ஊதுங்க பாப்போம்."

பாவாடை பட்டறையிலிருந்து எடுத்து வந்த கரைசலை ஊற்றிக்கொண்டு, மேல் குழாயின் துளையை ஆணியால் கொஞ்சம் பெரிதாக்கி, அலெக்சாண்டர் ஊதினார். முகம் சிவந்தது, கண் பிதுங்கியது. இரண்டு பெரிய சொட்டு தெறித்து, சுவரில் சாய்த்திருந்த படத்தில் வெள்ளை வாத்தின் முதுகில் விழுந்தன. மூச்சு வாங்க உட்கார்ந்துவிட்டார்.

"இங்க குடுங்க" என்றார் அகஸ்டினா. முந்தானையைச் செருகிக்கொண்டார். பெரிய பூசையில் நீளப் பாட்டு எடுக்கிற மாதிரி நெஞ்சு நிறைய மூச்சு பிடித்து, சீராக விட்டார். படத்துக்கு ஒரு முழம் தள்ளி, மார்கழிக் காலையில் கடலோரம் நிற்கிற பனி மாதிரி ஒரு புகை எழும்பி, அப்படியே படத்தின்மேல் இறங்கியது. ஒரு சொட்டு இல்லை. மூச்சு இன்னும் முடியவில்லை.

பாவாடை வாயைப் பிளந்துகொண்டு நின்றார். "முசியே, நீங்க வரையிறதோட நிறுத்திக்குங்க" என்றார்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் வேலை இரண்டாகப் பிரிந்தது. அவர் வரைவார், அம்மாள் ஊதுவார். ஸ்பிரிட் பாட்டில் துணிமணி பீரோவுக்குள் போயிற்று. சாவி அம்மாளின் இடுப்பில்.

உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. அரக்கின் மஞ்சள் ஏறி, அந்த வெள்ளை வாத்து காய்ந்தபோது செவலைக் கோழியாகிவிட்டது. கரைசலை இரண்டு நாள் அசைக்காமல் வைத்து, அடியில் கசடு தங்கியபின் மேலே தெளிந்ததை மட்டும் எடுத்து, அதையும் இன்னும் இரண்டு பங்கு ஸ்பிரிட் சேர்த்து நீர்க்க விட வேண்டும் என்று பாவாடை சொல்லிக்கொடுத்தார். கனமாக ஒரு தடவை ஊதுவதைவிட, லேசாக ஊதி, காயவிட்டு, மறுபடி லேசாக நாலைந்து தடவை ஊதுவது நல்லது என்பதை அகஸ்டினா தாமாகவே கண்டுபிடித்தார். படத்துக்கு வெளியே ஊத ஆரம்பித்து, படத்தைக் கடந்து, வெளியே போய்த்தான் மூச்சை நிறுத்த வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் ஊதவே கூடாது. மழைக்காற்றின் ஈரம் சேர்ந்தால் அரக்கு வெள்ளையாகப் பூத்துப்போகும். அடைமழையில் அவசரப்பட்டு ஊதிய ஒரு முருங்கைமரம் காஷ்மீரத்து மரம் மாதிரிப் பனி மூடிப்போயிற்று. அலெக்சாண்டர் அதை நன்றாக இருக்கிறது என்று மாட்டி வைத்துக்கொண்டார்.

ஊதி முடித்த படங்களைச் சோதிப்பதற்குச் சின்னப்பாப்பாவை ஏற்பாடு செய்தார்கள். காலையில் மீன் கொண்டுவரும்போது, கழுவாத கையோடு அழைப்பார்கள். அவள் படத்தை அழுத்தித் தேய்த்துவிட்டுத் தன் உள்ளங்கையைப் பார்ப்பாள். "இன்னும் வருது" என்பாள், அல்லது "வரலை" என்பாள். வரலை என்று சொல்லிவிட்டால் அதற்குமேல் பரீட்சை இல்லை. அந்த வருஷத்துப் படங்கள் எல்லாவற்றிலும் மோந்து பார்த்தால் லேசாக வஞ்சிர வாசனை இருக்கும்.

மறுவருஷத் திருநாளுக்கு முன்னால் அலெக்சாண்டர் பாதங்களை மறுபடி வரைந்தார். அகஸ்டினா ஆறு தடவை ஊதினார். ஜூன் பதிமூன்று முழுக்கக் கூட்டம் தொட்டது, ஒற்றிக்கொண்டது, முத்தி செய்தது. இவர் ஒரு ஓரத்தில் நின்று, வெளியே வருகிற ஒவ்வொருவர் உதட்டையும் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு பெண்கள் சாமியாரிடம் புகார்கூடச் செய்தார்கள். சாயங்காலம் பாதம் அப்படியே இருந்தது. சாமியார் படத்துக்குப் பக்கத்தில் வந்து, யாரும் பார்க்காத நேரத்தில், விரலை நாக்கில் தொட்டு ஈரமாக்கிக்கொண்டு அந்தோணியாரின் கால் கட்டைவிரலைத் தேய்த்துப் பார்த்தார். அலெக்சாண்டர் பார்த்துவிட்டார். அன்று இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள்.

அதற்குப் பிறகு ஆட்கள் தேடி வந்தார்கள். போட்டோ ஸ்டுடியோவில் கறுப்பு வெள்ளைதான் கிடைக்கும். இவரிடம் புடவையின் நிறம் புடவையின் நிறமாகவே வரும். பிரான்சுக்குப் போகிற குடும்பங்கள் பெரியவர்களை வரைந்து எடுத்துப் போயின. 1958இல் அகஸ்டினாவுக்கு இருமல் கண்டது. டாக்டர் கேட்டுவிட்டு, இந்தப் புகையை இனி நெஞ்சுக்குக் கிட்டே கொண்டுவரக்கூடாது என்றார். பாட்டுக்கும் கொஞ்ச நாள் விடுமுறை.

வீட்டுக்கு வந்ததும் அந்த அம்மாள் இடுப்பிலிருந்து சாவியை எடுத்து நீட்டினார். "இனிமே நீங்களே எடுத்து ஊதுங்க. ஏழு வருஷமாச்சு. எனக்கு நம்பிக்கை இருக்குது."

அலெக்சாண்டர் கையை நீட்டவில்லை. "நம்பறது உன் பெருந்தன்மை. ஆனா சாவி உங்கிட்ட இருக்கறது எனக்குச் சௌகரியம். அது அங்கியே இருக்கட்டும்."

"அப்ப எப்படி ஊதுவீங்க?"

"கேட்டு வாங்கிக்கறேன். திருப்பிக் குடுத்துடறேன்."

அகஸ்டினா சாவியைத் திரும்பச் செருகிக்கொண்டு அடுப்படிக்குப் போனார். அன்றைக்குக் குழம்பில் உப்பு இரண்டு தடவை விழுந்துவிட்டது. ஒருவரும் குறை சொல்லவில்லை.

ஊதுவதற்கு இவர் மூச்சு லாயக்கில்லை என்பது தெரிந்த விஷயம். அதற்கு அலெக்சாண்டர் கண்டுபிடித்த வழி, கொசு மருந்து அடிக்கிற கைப்பம்பு. புதிதாக வாங்கியிருக்கலாம். மலேரியா ஒழிப்பில் வேலை செய்த ஒருவரிடமிருந்து பழையதை வாங்கி, நன்றாகக் கழுவிவிட்டதாக நினைத்துக்கொண்டார். அதை முதலில் அடித்தது செல்வாம்பாள் கேட்டிருந்த படத்தின்மேல். செல்வாம்பாள் காய்கறி கொண்டுவருகிற கிராமத்துப் பெண். அவளுடைய புருஷன் கன்னியப்பன் மில்லில் வேலை. அவன் படத்தைத்தான் கேட்டிருந்தாள். பம்பைத் தள்ளியதும் முதலில் வந்தது அரக்கு இல்லை. உள்ளே எங்கோ தங்கியிருந்த மருந்தெண்ணெய் ஒரு துளி. அது போய்க் கன்னியப்பனின் மூக்கு நுனியில் உட்கார்ந்து, வட்டமாக ஊறி நின்றது.

திருப்பி வரைகிறேன் என்று அலெக்சாண்டர் மன்றாடினார். செல்வாம்பாள் படத்தை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தாள். "மூக்குல மச்சம் நல்லாதாங்க இருக்குது" என்றாள். கூட வந்திருந்த கன்னியப்பன் சட்டத்தை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தன் மூக்கையும் தடவிப் பார்த்துக்கொண்டான். "மச்சம் அதிர்ஷ்டம்யா. இருக்கட்டும்" என்றான். வாசனைதான் கொஞ்சம் தூக்கலாக இருந்தது. ஆனால் அவர்கள் கூரைவீட்டில் மற்ற காகிதம் எல்லாவற்றையும் பூச்சி அரித்தபோது அந்தப் படத்தின் பக்கம் ஒன்றும் நெருங்கவில்லை. அதைக் கேள்விப்பட்டு இன்னும் நாலு பேர், "மருந்து போட்டே குடுங்க" என்று வந்தார்கள். அலெக்சாண்டருக்கு அது பெருமையா அவமானமா என்று கடைசிவரை விளங்கவில்லை. பம்பை மட்டும் மாற்றிவிட்டார்.

1961இல் சவரிராயன் லீவில் ஊருக்கு வந்தான். சைகோனை விட்டுப் பிரான்சுக்குப் போய் அஞ்சு வருஷமாகியிருந்தது. அவனையும் மனைவி ஸ்டெல்லாமேரியையும் சேர்த்து உட்கார வைத்து அலெக்சாண்டர் இரண்டு மாதம் வரைந்தார். அவருக்கே திருப்தியான படம். ஸ்டெல்லாமேரியின் நீலப் பட்டில் விழுந்த மடிப்புகளைத் தெருவே வந்து பார்த்துப் போயிற்று. கிளம்புகிற நாளன்று, படத்தை எப்படிச் சுற்ற வேண்டும், எந்தப் பக்கம் நிறுத்தி வைக்க வேண்டும், எங்கே மாட்டக்கூடாது என்றெல்லாம் ஏழு பக்கத்துக்குப் பிரெஞ்சில் எழுதிக் கொடுத்தார். மேலே வெண்ணெய்த்தாள்தான் சுற்ற வேண்டும் என்பது முதல் பக்கத்திலேயே அடிக்கோடிட்டு இருந்தது.

அடுத்த வருஷம் பங்குனியில் கடிதம் வந்தது. அகஸ்டினா வாசித்தார்.

"மாமாவுக்கு. படம் பத்திரமாக வந்தது. கப்பலில் சூடு அதிகம். வெண்ணெய்த்தாள் கிடைக்காததால், கையில் இருந்த நல்ல தாள் என்று நீங்கள் எழுதிக் கொடுத்த ஏழு பக்கத்தையும் மேலே வைத்துக் கட்டியிருந்தேன். அரக்கு இளகி அதில் ஒட்டிக்கொண்டது. மெதுவாகத்தான் எடுத்தேன். தாள் வந்துவிட்டது, மை வரவில்லை. ஸ்டெல்லாமேரியின் இடது கன்னத்தில் உங்கள் கையெழுத்து ஒரு வரி இருக்கிறது. கண்ணாடியில் காட்டி வாசித்தோம். 'சூடு படாமல் வைக்கவும்' என்று இருக்கிறது."

அலெக்சாண்டர் அன்றைக்கு ஆபீஸ் போகவில்லை. மூன்று நாள் பென்சிலைத் தொடவில்லை. படத்தைத் திருப்பி அனுப்பச் சொல்லு, நானே போய்ச் சரிசெய்கிறேன், கப்பல் எப்போது என்றெல்லாம் பேசினார். நாலாம் நாள் அகஸ்டினா, கடிதத்தின் பின்பக்கத்தில் ஸ்டெல்லாமேரி தனியாக எழுதியிருந்ததை எடுத்து வாசித்துக் காட்டினார்.

"மாமா கவலைப்பட வேண்டாம். இங்கே வருகிறவர்கள் எல்லாரும் கன்னத்தில் என்ன எழுத்து என்று கேட்கிறார்கள். வரைந்தவருடைய கையெழுத்து, எங்கள் ஊரில் அப்படித்தான் போடுவார்கள் என்று சொல்லியிருக்கிறேன். எல்லாரும் நம்பிவிட்டார்கள். இவர் அதைக் குளிர்காயும் அடுப்புக்கு மேலே மாட்டியிருக்கிறார். இந்தக் குளிருக்கு அங்கேதான் கதகதப்பாக இருக்கிறது."

அலெக்சாண்டர் எழுந்து உட்கார்ந்தார். "அடுப்புக்கு மேலியா?" என்றார்.

"அடுப்புக்கு மேலதான்."

"சூடு படாம வைக்கச் சொல்லி அவ கன்னத்துலியே எழுதியிருக்குது!"

அகஸ்டினாவால் அதற்குமேல் முடியவில்லை. சிரிக்க ஆரம்பித்தவர் இருமல் வருகிறவரைக்கும் சிரித்தார். இவர் முதலில் கோபமாகப் பார்த்தார், அப்புறம் அவருக்கும் தோள் குலுங்க ஆரம்பித்தது. எதிர்வீட்டில் எங்களுக்கே கேட்டது.

அன்று மத்தியானம் மறுகடிதம் எழுத உட்கார்ந்தார். கையெழுத்து என்பது படத்தின் வலப்பக்கத்துக் கீழ்மூலையில்தான் போடப்படும், கன்னத்தில் போடப்படுவதில்லை என்று தொடங்கி, அடுப்புக்கும் படத்துக்கும் இடையே இருக்கவேண்டிய தூரத்தைப் பிளான் போட்டு, சுவருக்குச் சிவப்பு அடித்து அனுப்பினார். இந்தத் தடவை தமிழில், பெரிய எழுத்தில்.